கை இறுக்கத்தில் விட்ட எட்டு நட்டுகள்

சேர்விஸுக்கு வரும் கார் பழுதான கார் அல்ல. காலையில் வீட்டு வாசலில் ஸ்டார்ட் ஆகி, சந்தி தாண்டி, தானாக ஓடி வந்து கராஜுக்குள் நின்ற கார். இதை முதலில் மனதில் வையுங்கள்.

பழுதான காரில் நீங்கள் என்ன செய்தாலும் அது வந்ததைவிடக் கொஞ்சம் நன்றாகத்தான் போகும். சேர்விஸ் கார் அப்படி இல்லை. நல்லதாக வந்ததை நல்லதாகவே திருப்பிக் கொடுக்க வேண்டும். போகும்போது அதில் ஒரு பிழை இருந்தால், அதை வைத்தது நாங்கள்தான்.

நான் எட்டாம் வகுப்புவரை படித்தவன். முப்பத்தைந்து வருடம் காருக்குக் கீழே கிடந்தேன். இப்போது வீட்டில் இருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எந்த ஒயில், எந்த பில்டர், எத்தனை கிலோமீற்றருக்கு ஒருதரம், இதெல்லாம் காரோடு வரும் புத்தகத்தில் இருக்கிறது. அதை வாசித்துக்கொள்ளுங்கள். நான் ஒரு காரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதில் பிழை விட்டவன் நான்.

எங்கள் கராஜ் பண்டத்தரிப்பில் வீதியோரம் இருந்தது. முதலாளி, நான், இன்னும் இரண்டு பேர். முதலாளி ஸ்பனர் பிடித்தவர் அல்ல. வருகிறவர்களோடு கதைப்பது, சாமான் எடுப்பிப்பது, சாவி கொடுப்பது அவர். காரில் கை வைப்பது நாங்கள். நல்ல மனிதர். சாமி பக்தி கூடியவர்.

அவர் கொண்டு வந்த வழக்கம் ஒன்று இருந்தது. வேலை முடிந்த காருக்குச் சந்தனப் பொட்டு வைப்போம். பொனற்றின் நடுவில், ஒரு விரல் அளவு. வேலையை முடித்தவன் தன் கையால் வைக்க வேண்டும். முதலாளி எட்டிப் பார்ப்பார். பொட்டு இருந்தால் சாவியைக் கொடுப்பார். இல்லாவிட்டால், "கொஞ்சம் இருங்கோ" என்பார். ஊருக்கும் அது தெரியும். கார் முடிந்ததா என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். "பொட்டு வைச்சாச்சோ?" என்றுதான் போனில் கேட்பார்கள். குருநகரிலிருந்து வரும் வேதக்காரர் ஒருவர் மட்டும், "வைச்சு விடுங்கோ, மாதா கோயிலடியிலை துடைச்சுப்போட்டுப் போறன்" என்பார். அவரும் பொட்டு இல்லாமல் காரை எடுக்கமாட்டார்.

நல்ல வழக்கம்தான். பல வருடம் ஒரு பிழையும் வரவில்லை. அதனால்தான் வந்தது.

ஆயுத பூசையன்று காலை ராசன் காரைக் கொண்டு வந்தார். மாதகல் ஆள். சொந்தமாகப் படகு வைத்திருக்கிறார். சின்ன வெள்ளைக் கார், எப்போதும் எங்களிடம்தான் வரும். கடற்கரையில் நிற்கும் கார் என்பதால் அடியில் உப்புப் பிடித்திருக்கும். அதைத் தவிர ஒரு குறையும் சொல்ல முடியாது.

"அண்ணை, கீழை கல்லு அடிச்சிருக்கு, ஒருக்காப் பாருங்கோ" என்றார். "வயல் றோட்டாலை போய்ப் பட்ட பாடு. இனி அந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்கமாட்டன்."

"எப்ப எடுக்கிறியள்?"

"விடிய. நாளைக்கு விஜயதசமி, மகளுக்கு ஏடு தொடக்கிறம், அரிசியிலை முதல் எழுத்து. அளவெட்டியிலை, பெண்சாதியின்ரை ஊர்க் கோயில். ஏழரைக்குள்ளை தொடக்கவேணுமாம். மாமி நேரம் பாத்து வைச்சிட்டா. பிந்தினா என்னைத்தான் அரிசியிலை போட்டு எழுதுவா."

"பின்னேரமே முடியும்."

"பின்னேரம் எனக்கு வலை வேலை கிடக்கு. விடிய வாறன்."

வேலை சரியாகத்தான் போனது. நாலு சில்லும் கழற்றி பிறேக் பார்த்தேன். கீழே கல் அடித்த இடத்தைப் பார்த்தேன், பயமில்லை. சில்லுகளைத் திரும்பப் பூட்டினேன்.

சில்லு பூட்டுவது உங்களுக்குத் தெரியும். முதலில் நட்டுகளைக் கையால் சுற்றுவோம், விரல் போகும்வரை. பிறகு காரை ஜக்கிலிருந்து நிலத்தில் இறக்கி, நீளப் பிடி உள்ள வீல் பிறேஸைப் போட்டு உடம்புப் பாரம் கொடுத்து இறுக்குவோம். கை இறுக்கம் என்பது நட்டை அதன் இடத்தில் வைப்பது மட்டும்தான். ஆனால் உப்புப் பிடித்த போல்ட்டுப் புரியில் அது இறுகிவிட்டது போலக் காட்டும். கையை ஏமாற்றும். கண் எப்படியும் ஏமாறும். இறுகின நட்டும் இறுகாத நட்டும் பார்வைக்கு ஒன்றுதான்.

காரை இறக்கினேன். வலப்பக்கம் இரண்டு சில்லையும் இறுக்கி முடித்தேன். இடப்பக்கம் போனேன். அந்த நேரம் ஐயர் வந்துவிட்டார்.

அவருக்கு அன்றைக்கு இன்னும் மூன்று கராஜும் ஒரு அரைக்கிற ஆலையும் இருந்தது. மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கழுவித் துடைத்த ஸ்பனர், சுத்தியல், ஜக் எல்லாம் வரிசையாக வைத்தாயிற்று. எல்லாச் சாமானும் அதில் இருக்க வேண்டும். வைத்தால் அடுத்த நாள் காலைப் பூசை முடியும்வரை எடுக்கக்கூடாது. எங்கள் ஊரில் எந்தக் கராஜிலும் அப்படித்தான். முதலாளி என்னிடம் வந்து, என் கையிலிருந்த வீல் பிறேஸுக்குக் கையை நீட்டினார்.

"உதையும் தாரும்."

"ரண்டு சில்லு கிடக்கு, முதலாளி."

"ஐயர் நிக்கிறார். கார் விடியத்தானே போகுது? விடிய வந்து இறுக்கும்."

நான் கொடுத்தேன்.

அவர் பறிக்கவில்லை. அவர் கேட்டார், நான் கொடுத்தேன். இரண்டு சில்லுக்கு எட்டு நட்டு. இரண்டு நிமிட வேலை. ஐயர் இரண்டு நிமிடம் நின்றிருப்பார். அது எனக்கு அப்போதே தெரியும். ஒரு வேலையை இடையில் விடச் சொல்லி உங்களிடமும் கேட்பார்கள். கேட்கிறவர் கெட்டவராக இருக்கமாட்டார். காரணமும் நல்ல காரணமாகத்தான் இருக்கும்.

இடப்பக்கச் சில்லு மூடி இரண்டையும் அந்தந்தச் சில்லடியில் நிலத்தில் வைத்தேன். மூடி நிலத்தில் கிடந்தால் அந்தச் சில்லு முடியவில்லை என்று அர்த்தம். எங்களுக்குள் அது ஒரு அடையாளம். பிறகு கை கழுவப் போனேன்.

திரும்பி வந்தபோது பூசை நடந்துகொண்டிருந்தது. முதலாளி, கார்கள் பூசைக்கு வடிவாக நிற்கட்டும் என்று மூடிகளைத் துடைத்துத் தானே பூட்டிவிட்டிருந்தார். ஐயர் தீர்த்தம் தெளித்தார். முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு போய் உள்ளே நின்ற ஐந்து காருக்கும் பொட்டு வைத்தார். பூசை நாளில் முடிந்த கார், முடியாத கார் என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கடலை தந்தார்கள், சாப்பிட்டேன். வீட்டுக்குப் போனேன். ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. விடிய நான்தானே வருவேன் என்று நினைத்தேன். காலைப் பூசை முடியாமல் வீல் பிறேஸை எடுக்க முடியாது, காரோ அதற்கு முன் போக வேண்டும் என்பதை நானும் யோசிக்கவில்லை, முதலாளியும் யோசிக்கவில்லை.

விடிய ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கப் போனேன். முதலாளி மேசையில் வாடின பூவை எடுத்துக்கொண்டு நின்றார். வெள்ளைக் கார் நின்ற இடம் வெறுமையாக இருந்தது.

"மாதகல் கார் எங்கை?"

"ராசன் ஆறு மணிக்கே வந்து எடுத்துப்போட்டார். பொட்டு இருந்தது, சாவியைக் குடுத்தன்."

மேசையைப் பார்த்தேன். வீல் பிறேஸ் அங்கேயே கிடந்தது. அதற்கும் பொட்டு வைத்திருந்தது.

"அதின்ரை இடப்பக்கச் சில்லு ரண்டும் இறுக்கேல்லை, முதலாளி."

அவர் கையிலிருந்த பூவைத் திரும்ப மேசையில் வைத்தார்.

"மறந்துபோனன். மூடியும் போட்டுக் கிடந்ததே."

"நீங்கள்தான் போட்டனீங்கள்."

ராசனின் நம்பருக்கு அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. மூன்று தரம் அடித்தேன். நாலாவது தரம் அடிக்கக் கை போனது, நிறுத்தினேன். அவர் ஓடிக்கொண்டிருந்தால் போனை ஒரு கையால் தேடுவார். அந்தக் காரில் அப்போது ஒரு கையால் ஸ்ரேறிங் பிடிக்கக்கூடாது. போனைச் சேட்டுப் பையில் போட்டுவிட்டு மேசைக்குப் போனேன்.

"எடுக்காதையும்" என்றார் முதலாளி. "ஐயர் எட்டு மணிக்குத்தான் வருவார். காலைப் பூசை முடியேல்லை."

"நான் எடுக்கிறன்."

எடுத்தேன். அவர் தடுக்கவில்லை. வாசல்வரை பின்னால் வந்தார்.

"கேட்டால் ஒயில் பாக்க வந்தனான் எண்டு சொல்லும். நட்டுக் கதையை எடுக்காதையும். ஊரெல்லாம் பரவிப்போடும். பிறகு ஒருத்தரும் இஞ்சை காரைக் கொண்டு வராயினம்."

மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணினேன்.

அவசரம் வந்தால் முதலில் கால்தான் ஓடும். அதை ஓட விடாதீர்கள். நான் வாசலில் நின்று யோசித்தேன். எண்ணி ஒரு நிமிடம் இருக்காது. மாதகலுக்கு, அவர் வீட்டுக்குப் போவதா? அவர்கள் வெளிக்கிட்டிருந்தால் பிறகு முழுத் தூரமும் நான் பின்னால்தான். ஏழரைக்குள் கோயிலில் நிற்க வேண்டியவர்கள் இந்நேரம் வெளிக்கிட்டிருப்பார்கள். அளவெட்டிப் பக்கம் போனால் அவர்களை இடையில் பிடிக்கலாம். வெளிக்கிடாவிட்டாலும் எனக்கு நேரே வருவார்கள். ஆகவே அளவெட்டிப் பக்கம்.

அடுத்தது எந்த வீதி. மாதகலிலிருந்து அளவெட்டிக்கு இரண்டு வழி. வயலுக்குள்ளால் போகும் கல் வீதி கிட்ட. இளவாலையால் போகும் தார் வீதி தூரம், ஆனால் வேகமாகப் போகலாம். கல் வீதிப் பக்கம் தலை வைத்தும் படுக்கமாட்டேன் என்று ராசன் முதல் நாள் சொன்னது நினைவுக்கு வந்தது. காரைத் தரும்போது ஆட்கள் ஏதாவது கதைத்துக்கொண்டுதான் தருவார்கள். கேட்டு வையுங்கள்.

தார் வீதியைப் பிடித்தேன். அது நல்ல வீதி. அதுதான் பயம்.

இளவாலைச் சந்தியில் ஒரு மனுசி கோயிலுக்குப் போகிறவர்களுக்குப் பூ விற்றுக்கொண்டிருந்தா. எஞ்சினை நிறுத்தாமல் காலை ஊன்றிக் கேட்டேன்.

"அம்மா, சின்ன வெள்ளைக் கார் ஒண்டு போனதோ? பொட்டு வைச்ச கார்."

"இண்டைக்கு எந்தக் கார் தம்பி பொட்டு இல்லாமல் போகுது?" என்றா. பிறகு, "உண்டியல் குலுக்கிற மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டு ஒண்டு இப்பத்தான் போச்சுது" என்றா.

எனக்கு வேறு ஒன்றும் கேட்கத் தேவைப்படவில்லை.

ஒரு மைல் போயிருப்பேன். முன்னால் கார் தெரிந்தது. ஐம்பதில் போய்க்கொண்டிருந்தது. கிட்டப் போகப் போக இடப்பக்கப் பின் சில்லு ஆடுவது தெரிந்தது. நேராகச் சுற்றவில்லை. உள்ளே வெளியே என்று சின்னதாக ஆடியது. வீதியின் இரண்டு பக்கமும் சனம் கோயிலுக்கு நடந்துகொண்டிருந்தது. பட்டுச்சட்டை போட்ட பிள்ளைகள், தகப்பன்மார் தோளில் பிள்ளைகள். முன்னால் ஒரு வளைவு. வளைவோடு ஒரு மதகு.

முந்திப் போய்க் குறுக்கே நின்றால் அவர் பிறேக்கை அமத்துவார். அமத்தினால் காரின் பாரம் முழுக்க முன்னுக்கு வரும். முன் சில்லும் கை இறுக்கத்தில்தான் இருந்தது. ஹோர்ன் அடித்தால் இடது பக்கம் வெட்டிக் கொடுப்பார். இடது பக்கம் சனம். வளைவுக்குள் போனாலும் பாரம் ஒரு பக்கம் சாயும். ஆகவே வளைவுக்கு முதல் நிற்க வேண்டும். வெட்டாமல், அமத்தாமல் நிற்க வேண்டும். அதற்கு அவர் பயப்படக்கூடாது. அவர் பயப்படாமல் இருக்க நான் பயப்படாதவன் போல இருக்க வேண்டும்.

அவர் பக்கத்துக் கண்ணாடியடியில் போய்ச் சேர்ந்து ஓடினேன். தலையை ஆட்டினேன், வழியில் கண்ட ஆளுக்கு ஆட்டுவது போல. அவர் கண்ணாடியை இறக்கினார். சிரித்தார்.

"என்ன அண்ணை, நீங்களும் ஏடு தொடக்க வாறியளோ?"

"ஓம். காலை எடுங்கோ."

"என்ன?"

"மிதிக்கிற காலை எடுங்கோ. பிறேக் பிடிக்கவேண்டாம். ஸ்ரேறிங்கை நேரை வைச்சிருங்கோ."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கடலில் ஓடுகிற ஆட்கள் ஏன் என்று பிறகுதான் கேட்பார்கள். சிரிப்பு நின்றது. காலை எடுத்தார். இரண்டு கையாலும் ஸ்ரேறிங்கைப் பிடித்தார்.

கார் மெல்ல மெல்ல இறங்கியது. நாற்பது. முப்பது. நான் பக்கத்திலேயே ஓடினேன். சத்தம் இப்போது எனக்கு நன்றாகக் கேட்டது. கலகல என்று. பின்னால் தாயின் மடியில் இருந்த மகள் கண்ணாடியில் மூக்கை அமத்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வயது. நெற்றியில் அவளுக்கும் பொட்டு.

நடக்கும் வேகத்துக்கு வந்ததும், "இனிக் கைப்பிறேக்கை இழுங்கோ. மெல்ல" என்றேன்.

இழுத்தார். கார் நின்றது. மதகு முப்பது அடி முன்னால் இருந்தது.

ராசன் இறங்கினார். மனைவி சுகந்தி கதவைத் திறந்து, "இஞ்சாருங்கோ, என்ன? நேரம் போகுது" என்றா.

இந்த இடத்தில்தான் முதலாளி சொன்ன ஒயில் கதை என் வாய்வரை வந்தது. சொல்லியிருக்கலாம். ஒயில் பார்ப்பது போலப் பொனற்றைத் திறந்து, அப்படியே சில்லையும் ஒருக்காப் பார்க்கிறேன் என்று இறுக்கிவிட்டுப் போயிருக்கலாம். அவருக்குத் தெரிந்திருக்காது. கன பேர் அப்படிச் செய்வதை நான் கண்டிருக்கிறேன்.

"சில்லு நட்டு இறுக்கேல்லை" என்றேன். "இடப்பக்கம் ரண்டும். நேற்று நான் இறுக்காமல் விட்டிட்டன்."

நான் குந்தி இருந்து பின் சில்லு மூடியைக் கழற்றினேன். மூடிக்குள்ளிருந்து இரண்டு நட்டு தாரில் விழுந்து உருண்டன. நாலு நட்டில் இரண்டுதான் போல்ட்டில் நின்றன. அவையும் நுனியில். ஒன்றை விரலால் தொட்டேன், சுற்றியது. முன் சில்லில் நாலும் நின்றன. நாலும் தளர்வு. புரியில் பிடித்திருந்த உப்புத்தான் அவற்றை அவ்வளவு நேரம் பிடித்திருக்க வேண்டும்.

மகள் இறங்கி வந்து உருண்ட நட்டைப் பார்த்தாள்.

"அப்பா, காருக்குச் சலங்கை கட்டியிருக்கு எண்டு நான் சொன்னனான்."

"ஓம் பிள்ளை, சொன்னனீ" என்றார் ராசன்.

சுகந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீதியை விட்டு வயல் வரம்பில் போய் நின்றா. அங்கிருந்து காரைப் பார்த்தா. முன்னுக்கு, பொனற்றில்.

"பொட்டு மட்டும் வடிவாய் வைச்சிருக்கிறியள்" என்றா.

நான் தாரில் உருண்ட நட்டுகளைப் பொறுக்கினேன்.

"பிள்ளை இருந்தது அண்ணை உதுக்குள்ளை." ராசன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"ஓம்" என்றேன்.

போல்ட்டுகளின் புரியை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். ஒன்று கொஞ்சம் நசிந்திருந்தது, மற்றவை நன்றாக இருந்தன. சில்லின் துளைகளையும் பார்த்தேன். டிக்கியில் இருந்த ஜக்கை எடுத்துக் காரைத் தூக்கி, சில்லை நேராக்கி, எட்டையும் கையால் சுற்றி, இறக்கி, வீல் பிறேஸால் இறுக்கினேன். வலப்பக்கம் எட்டும் இறுக்கினேன். அவை ஏற்கெனவே இறுகித்தான் இருந்தன. இருந்தாலும் இறுக்கினேன்.

எழும்பியபோது ஏழே கால். கோயில் இன்னும் ஒரு மைல்.

"நான் ஏறமாட்டன்" என்றா சுகந்தி. "பிள்ளையையும் ஏத்தமாட்டன்."

சரியான பேச்சு. கார் இனிப் பயமில்லை என்று நான் சொல்லலாம். என் சொல்லுக்கு அந்த நேரம் பெறுமதி இல்லை. நம்புங்கள் என்று ஒருவரிடமும் கேட்காதீர்கள், பிழை விட்ட நாளில் கேட்கவே கேட்காதீர்கள். மோட்டார் சைக்கிள் சாவியை ராசனிடம் நீட்டினேன்.

"நீங்கள் மூண்டு பேரும் உதிலை போங்கோ. மெல்லப் போனாலும் நேரத்துக்குப் போவியள். கார்ச் சாவியைத் தாங்கோ. நான் இதிலை வாறன்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுச் சாவியைத் தந்தார். பிள்ளையை நடுவில் வைத்து மூவரும் போனார்கள்.

நான் அந்தக் காரில் ஏறினேன். அதில் ஏற வேண்டிய ஆள் நான்தான். மதகைக் கடந்து, வளைவு திரும்பி, அரை மைலில் நிறுத்தி இறங்கி, எட்டு நட்டையும் திரும்ப இறுக்கிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. பிறகு கோயிலடிக்குப் போய் வேப்பமர நிழலில் காரை விட்டுவிட்டு வெளியே நின்றேன். வேலை உடுப்பு. உள்ளே போகவில்லை.

அவர்கள் வெளியே வர எட்டு மணியாகிவிட்டது. பிள்ளை வலக்கைச் சுட்டு விரலை மடக்காமல் நீட்டிக்கொண்டு வந்தாள். நகத்துக்குள் அரிசிக் குறுணி. அதைத் தட்டிவிட வேண்டாம் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"நேரத்துக்கு முடிஞ்சுதோ?" என்று கேட்டேன்.

"ஏழு இருபத்தெட்டு" என்றா சுகந்தி.

ராசன் என்னிடம் வந்து கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

"உது இல்லை. அது" என்றார்.

வீல் பிறேஸைக் கொடுத்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். மூடிகளைக் கழற்றினார். பதினாறு நட்டையும் ஒவ்வொன்றாகத் தன் பாரம் கொடுத்துப் பார்த்தார். கோயிலுக்கு வந்த ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர், "என்ன ராசன், கராஜ் தொடங்கிட்டியோ?" என்று கேட்டார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முடித்து எழும்பி, வீல் பிறேஸை என்னிடம் தந்தார்.

"சத்தம் மாதகலிலை இருந்தே கேட்டது, அண்ணை. வேறை ஆள் பாத்த கார் எண்டால் அங்கையே நிப்பாட்டியிருப்பன். நீங்கள் பாத்தது எண்டுதான் நிப்பாட்டேல்லை."

மோட்டார் சைக்கிள் சாவியையும் தந்தார். சுகந்தி பிள்ளையோடு காரில் ஏறினா. போனார்கள்.

முப்பத்தைந்து வருடத்தில் எனக்குப் பேச்சு விழாமல் இல்லை. கத்தினவர்கள் உண்டு, ஸ்பனரைத் தூக்கி எறிந்தவர் உண்டு. அவை மறந்துவிட்டன. இது மறக்கவில்லை. எங்கள் பெயர் நல்ல பெயர் என்பதால் அவர் தன் காதை நம்பவில்லை. நல்ல பெயர் எடுத்த ஆள் இன்னொருதரம் பார்க்க வேண்டியது அதற்காகத்தான்.

கராஜுக்குத் திரும்பினேன். ஐயர் வந்து பூசை முடித்துப் போய்விட்டார். முதலாளி கதிரையில் இருந்தார்.

"சொல்லிப்போட்டீரோ?"

"சொல்லிப்போட்டன்."

"நான் மூடி போட்டதையும்?"

"இல்லை. நான் இறுக்கேல்லை எண்டு சொன்னன். அதுதான் நடந்தது."

அடுத்த மாதம் மாதகலிலிருந்து ஒரு காரும் வரவில்லை. அதற்கு அடுத்த மாதமும் வரவில்லை. முதலாளி என்னைக் குறை சொல்லவில்லை. வாசலை மட்டும் அடிக்கடி பார்த்தார்.

அந்த இரண்டு மாதத்துக்குள் நாங்கள் ஒரு மாற்றம் செய்தோம். கார் உள்ளே வந்ததும் அதன் சாவியை ஒரு நூலால் வீல் பிறேஸில் கட்டிவிடுவோம். வேலை செய்கிறவன் கடைசி நட்டை இறுக்கிய பிறகுதான் நூலை அவிழ்த்துச் சாவியைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வீல் பிறேஸ் எங்கே போகிறதோ சாவியும் அங்கே. காரை நகர்த்த வேண்டும் என்றாலும் வீல் பிறேஸோடுதான் ஏற வேண்டும். காலில் இடிக்கும். இடிக்கட்டும். பொட்டு வைப்பதை விடவில்லை. ஆனால் அதைப் பார்த்து இப்போது ஒருவரும் சாவி கொடுப்பதில்லை.

ஆறாவது மாதம் ராசன் வந்தார். சேர்விஸுக்கு நாள் வந்துவிட்டது என்றார். பின்னேரம் காரை எடுக்க வந்தபோது என்னிடம் கையை நீட்டினார். வீல் பிறேஸைக் கொடுத்தேன். பதினாறையும் பார்த்தார். பிறகு நூலை அவரே அவிழ்த்துச் சாவியை எடுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொருமுறையும் அப்படித்தான். அவரைப் பார்த்து இன்னும் சிலர் கேட்கத் தொடங்கினார்கள். கேட்டால் கொடுங்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள். கார் அவர்களுடையது.

அடுத்த ஆயுத பூசை வந்தது. அன்றும் சேர்விஸுக்கு ஒரு கார் நின்றது. பின்னேரம் அதை நிலத்தில் இறக்கி மூன்றாவது சில்லை இறுக்கிக்கொண்டிருந்தேன். ஐயரின் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மேசையில் துணி விரித்து எல்லாம் வைத்திருந்தது. நான் நிமிரவில்லை. முதலாளியின் செருப்புச் சத்தம் என் பக்கம் வந்தது. பக்கத்தில் நின்றது. சாவி தொங்கும் நூலைப் பார்த்திருப்பார் போல. திரும்பிப் போனது.

"என்ன, எல்லாச் சாமானும் வைச்சாச்சோ?" என்று ஐயர் கேட்டார். "எனக்கு இன்னும் மூண்டு இடம் கிடக்கு."

"ஒண்டு குறையுது, ஐயா" என்றார் முதலாளி. "அது வேலையிலை நிக்குது. முடிஞ்சாப் போலை வரும். இருங்கோ."

கதிரை இழுக்கும் சத்தம் கேட்டது. ஐயர் இருந்தார்.

நான் நாலாவது சில்லுக்குப் போனேன். நாலு நட்டையும் இறுக்கினேன். முதல் சில்லிலிருந்து திரும்ப ஒருதரம் பார்த்தேன். நூலை அவிழ்த்துச் சாவியைச் சேட்டுப் பையில் போட்டேன். பிறகு வீல் பிறேஸைக் கழுவிக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.